பாவாவிடம் கொடுத்த பணம்

திருத்தணி
2-3-1943

சிரஞ்சீவி தம்பி பாலுவுக்கு அக்கா வள்ளியம்மாள் ஆசீர்வாதம். நானும் குழந்தை சந்திராவும் சுகம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. நீ மெஸ் சாப்பாட்டில் இளைத்திருப்பாய். இல்லை என்று எழுதாதே, நம்ப மாட்டேன்.

உன் அத்தான் தை மாதம் வேலைக்கென்று பட்டணம் திரும்பினார். இப்போது இந்தத் தெருவில் பட்டணத்துக் குடும்பம் நாங்கள் மட்டும்தான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று போன வருஷம் ஓடிவந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். எதிர்வீடு, பக்கத்து வீடு, எங்கும் பூட்டு. அன்றைக்கு ஓர் அறைக்கு எத்தனை பேர் அடித்துக்கொண்டோம். அட்வான்ஸ் நூறு ரூபாய் என்றார்கள். என் வளையல்கள் அதற்குத்தான் போயின.

அந்த நூறு திரும்பி வந்தால்தான் அங்கே வீடு பிடிக்க முடியும் என்று அவர் எழுதியிருந்தார். அதன் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. வீட்டுக்காரர் தஸ்தகீரைக் கடையில் போய்ப் பார்த்தேன். பஜாரில் சைக்கிள் ரிப்பேர், பெட்ரோமாக்ஸ் வாடகை. என்னைவிடச் சின்னவர். வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

"கிருஷ்ணாயிலே கெடைக்கல, வெளக்கை யாருக்கா எடுக்கிறாங்க? எல்லாம் தூங்கிகினு கெடக்குது, பாருங்க. பங்குனி உத்திரம் ஆவட்டும். மலைக்கு வெளக்கு போவும். காசு வந்தா மொதல்ல உங்க காசு" என்றார்.

உத்திரம் ஆனதும் நாங்கள் புறப்படத் தயார் என்று உன் அத்தானிடம் சொல். ஒரு கார்டாவது போடச் சொல்.

வள்ளியம்மாள்


சென்னை
9-3-1943

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். சுகம். இளைக்கவில்லை. நீ நம்பப்போவதில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்ணடிக்குப் போய் அத்தானைப் பார்த்தேன். கம்பெனிக் கிடங்கின் ஓரத்தில் பாய் போட்டிருக்கிறார். உன் கடிதத்தைக் காட்டினேன். "உத்திரம் என்றைக்கு?" என்றார். காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். தலையசைத்தார். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வீடு பார்த்திருக்கிறாராம். இரண்டு அறை, கொல்லையில் குழாய். சித்திரை வரைக்கும் பொறுப்பார்களாம்.

கார்டு போடச் சொன்னேன். "நீதான் எழுதுகிறாயே" என்றார்.

ஊர் மறுபடி நிறைகிறது. கடைகளின் பெயர்ப்பலகைகள் திரும்ப ஏறிவிட்டன. இத்தனை பேரும் எதைக் கண்டு ஓடினோம் என்று யோசிக்கிறேன். ஒரு செய்தியைக் கண்டு. திரும்பி வருவதும் ஒரு செய்தியை நம்பித்தான்.

தஸ்தகீரிடம் பணிந்து கேட்காதே. அட்வான்ஸ் அவருடைய பணம் அல்ல, உன்னுடையது. அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். சந்திராவுக்கு என் முத்தம்.

பாலு


திருத்தணி
30-3-1943

சிரஞ்சீவி பாலுவுக்கு ஆசீர்வாதம். சுகம். நீ அனுப்பிய மணியார்டர் வந்தது. அதில் இந்த மாத வாடகை கொடுத்துவிட்டேன்.

உத்திரம் நன்றாக நடந்தது. தஸ்தகீர் கடையில் ஒரு விளக்கு மிச்சமில்லை. ஒரு வாரம் விட்டுப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தார்.

"பாவா கிட்ட கொடுத்தாச்சுக்கா. அவரே சொல்வாரு" என்றார்.

சரி என்று வந்துவிட்டேன். பாவா என்பது அவருடைய தகப்பனார். ரம்ஜானுக்கு வந்திருந்தபோது தஸ்தகீர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார், நானே கேட்டேன். ரயில்வேயில் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். அரக்கோணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். நம் பணத்தைக் கொண்டுபோய் அவரிடம் ஏன் கொடுக்க வேண்டும்? பிள்ளை கடன் ஏதாவது பட்டிருப்பான். கிழவர் பிடுங்கிக்கொண்டிருப்பார்.

அவரைப் போய்ப் பார்க்கட்டுமா? உன் அத்தானைக் கேட்டு எழுது. பாத்திரங்களை மூட்டை கட்டியிருந்தேன். திரும்பப் பிரித்துச் சமைக்கிறேன்.

வள்ளியம்மாள்


சென்னை
7-4-1943

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். சுகம். சூடு தாங்கவில்லை.

அத்தானிடம் சொன்னேன். பணம் பாவாவிடம் போய்விட்டதாம், அவர் தஸ்தகீரின் தகப்பனாராம் என்றேன். அத்தான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாரை இழுத்து மாட்டினார். பிறகு, "கிழவரைப் போய்ப் பார்க்கச் சொல்" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். களைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

பகல் வண்டியில் போ. சந்திராவைத் தனியே விடாதே.

பாலு


திருத்தணி
26-4-1943

சிரஞ்சீவி பாலுவுக்கு ஆசீர்வாதம். எனக்குக் கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி சுகம்.

அரக்கோணம் போய்வந்தேன். வண்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். கதவோரம் நின்றே போனோம். கிழவருக்குக் காது சரியாகக் கேட்காது. வாசலில் நின்று நான் பேசியதெல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான் கேட்டது.

"அட்வான்ஸ் பணம்!" என்று கத்தினேன்.

"ஆங், பென்சன் பணமா? இன்னும் வரலம்மா" என்றார்.

மகள் வந்து அவர் காதில் சொன்னாள். கிழவர் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு யாரும்மா பணம் கொடுக்கிறாங்க? வந்தவனெல்லாம் எடுத்துகினுதான் போறான். என் புள்ள என் பேரைச் சொல்லி உன்னை ஏமாத்துறானா?" ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது. சந்திராவுக்கு ஒரு மாம்பழம் கொடுத்தார். திருத்தணிக்கு வந்து பிள்ளையைக் கேட்கிறேன் என்று சத்தியம் செய்தார்.

ஆக, தஸ்தகீர் சொன்னது பொய். என்னை அக்கா என்றும் சொல்லிக்கொண்டு.

படித்தவன் நீ. அவருக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுது.

வள்ளியம்மாள்


சென்னை
3-5-1943

திரு. தஸ்தகீர் அவர்களுக்கு, உங்கள் வீட்டில் குடியிருக்கும் வள்ளியம்மாளின் தம்பி பாலசுப்பிரமணியன் எழுதுவது. நலம். உங்கள் நலத்தையும் விரும்புகிறேன்.

என் அக்கா தர வேண்டிய வாடகை பாக்கி இல்லை. அவர் கொடுத்த அட்வான்ஸை உங்கள் தகப்பனாரிடம் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அவர் இல்லை என்கிறார். கொடுத்தவரிடம்தான் திருப்பித் தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த மாதத்துக்குள் பணம் வராவிட்டால் வக்கீல் மூலம் எழுத நேரும். துணைக்கு ஆளில்லாத ஒரு பெண்ணை இப்படி அலையவிடுவது நியாயமா?

பாலசுப்பிரமணியன்


786
திருத்தணி
11-5-1943

பாலசுப்பிரமணியன் சாருக்கு தஸ்தகீர் சலாம். அல்லா கிருபையில் எல்லாரும் சுகம். எனக்கு எழுத்துத் தமிழ் அவ்வளவா வராது. பேசுற மாதிரியே எழுதுறேன். தப்பா எடுத்துக்காதீங்க.

நான் எங்க அப்பாகிட்ட பணம் கொடுக்கல சார். அக்கா வூட்டுக்காரர் கிட்ட கொடுத்தேன். உத்திரம் முடிஞ்ச வாரம் காலை வண்டிக்கு வந்தாரு. நேரா கடைக்கு வந்தாரு. பட்டணத்துல வூட்டுக்கு உடனே கட்டணும்னு கேட்டாரு. வெளக்குக் காசு கையில இருந்தது, எடுத்துக் கொடுத்துட்டேன். வூட்டுக்குப் போயி சாப்பிட்டுப் போங்க பாவா, அக்கா சந்தோஷப்படுவாங்கன்னேன். வண்டிக்கு நேரமாச்சின்னாரு. அக்காகிட்ட சொல்லாதே, நானே எழுதிக்கிறேன்னாரு.

நாங்க பள்ளிப்பட்டுப் பக்கம் பொறந்து வளந்தவங்க. அந்தப் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவோம். அங்கே அக்கா புருஷன்னா பாவாதான். உங்க அக்கா எனக்கும் அக்கா, அப்ப அவரு எனக்குப் பாவா. அக்கா வந்து கேட்டப்ப எனக்குப் பொய் வரல. பாவாகிட்ட கொடுத்தாச்சி, அவரே சொல்வாருன்னேன். அக்கா சரின்னுட்டுப் போயிட்டாங்க. புரிஞ்சிடுச்சின்னு நெனச்சேன். எங்க வூட்டுப் பேச்சுல அப்பாவையும் பாவான்னுதான் சொல்வோம். அது எனக்குத் தோணவே இல்ல.

போன வாரம் எங்க அப்பா வந்து நடுத்தெருவுல தடியால கதவைத் தட்டினாரு. நான் திருடன்னு சொல்லிட்டு என் வூட்டுல தண்ணி கூடக் குடிக்காம போயிட்டாரு. அப்பறந்தான் எனக்கே வெளங்கிச்சி. சொல்லிடலாம்னு அக்கா வூட்டுக்குப் போனேன். சந்திராப் பாப்பா சிலேட்டுல என்னவோ எழுதிகினு இருந்துது. திரும்பி வந்துட்டேன்.

புருஷன் வந்து பாக்காமப் போனாருன்னு ஒரு பொம்பளகிட்ட நான் எப்படி சார் சொல்றது? நீங்க கூடப் பொறந்தவரு. நீங்க சொல்லுங்க.

தஸ்தகீர்


சென்னை
14-6-1943

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். சுகம். கடிதம் தாமதம். ஆபீஸில் வேலை அதிகம்.

அந்த அட்வான்ஸை விட்டுவிடு. போனதாக வைத்துக்கொள். தஸ்தகீர் மோசமானவர் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் இனி கேட்க வேண்டாம். சிந்தாதிரிப்பேட்டை வீடு கைவிட்டுப் போயிற்று. மாதாமாதம் நான் அனுப்புகிறேன்.

மழை வரும்போல் இருக்கிறது, வரவில்லை. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். நாலிலும் இதுவே நீளமானது.

பாலு


திருத்தணி
6-7-1943

சிரஞ்சீவி பாலுவுக்கு ஆசீர்வாதம். சுகம்.

விட்டுவிடு என்கிறாய். அது என் கையில் கிடந்த வளையல். விட்டுவிடுவதா, பிடித்துக்கொள்வதா என்று நான்தான் சொல்ல வேண்டும். உன் அத்தான் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லையா? அப்படியென்றால் மறைக்காமல் எழுது.

நேற்று தஸ்தகீர் வந்தார். ஆடிக் கிருத்திகை வருகிறது. மலைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் தங்குவதற்கு நாலு நாள் இந்த வீடு வேண்டுமாம். இந்த ஊரில் அந்த நாலு நாளைக்கு மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை உண்டு.

"ஒரு வருச வாடகை அதுல வந்துடும்க்கா. வெளக்கு யாவாரம் படுத்துடுச்சி" என்றார்.

அட்வான்ஸை இந்த வாசற்படியில் வை, சாவியைக் கையில் தருகிறேன் என்றேன்.

"எத்தினி வாட்டி தருவேன்க்கா?" என்றார்.

எனக்கு வந்த கோபம்! "ஒரு வாட்டியாவது தந்தாயா? பெற்ற தகப்பன் பேரில் பழி போட்டவன்தானே நீ?" என்று தெருவே கேட்கும்படி சொன்னேன். அவர் மனைவி சர்வர் பேகம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது திரும்பி, "வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்" என்று அவரைத்தான் திட்டினாள். என்னை அல்ல. அது எனக்குப் புரியவில்லை.

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். சாவி என்னிடம் இருக்கிறது. கிருத்திகை முடியட்டும், அவருக்குப் புத்தி வரும்.

வள்ளியம்மாள்


சென்னை
14-7-1943

அக்காவுக்கு வணக்கம். சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

பாவா என்றால் தஸ்தகீரின் தகப்பனார் அல்ல. அந்தப் பக்கத்தில் அக்காள் புருஷனை அப்படிச் சொல்கிறார்கள். அவருக்கு அக்கா நீ.

உத்திரம் முடிந்த வாரம் அத்தான் திருத்தணிக்கு வந்தார். கடையில் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டார். மே மாதமே தஸ்தகீர் எனக்கு எழுதிவிட்டார். நான் உனக்கு எழுதவில்லை.

நேற்று மண்ணடிக்குப் போனேன். கம்பெனி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. தை மாதமே இல்லையென்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் கிடங்கில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார். யாராவது கூப்பிட்டால் போய்க் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். பணம் கடனுக்கும் சாப்பாட்டுக்கும் போயிற்று.

"சிந்தாதிரிப்பேட்டை வீடு?" என்றேன்.

"அது இருக்கிறது. யாரோ குடியிருக்கிறார்கள்."

"அரக்கோணத்துக்கு ஏன் அனுப்பினீர்கள்?"

"அவள் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிற வரையில் இங்கே என்னைக் கேட்கமாட்டாள். அதற்குள் ஒரு வேலை கிடைத்துவிடும் என்றிருந்தேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவர் மறைத்தார், நானும் மறைத்தேன். அவர் கஷ்டத்தால். என்னிடம் அந்தக் காரணம்கூட இல்லை.

பாலு


திருத்தணி
2-8-1943

தம்பி பாலுவுக்கு ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சுகம்.

உன் கடிதம் வந்த அன்றே தஸ்தகீர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு விளக்குக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். சாவியை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"யாருக்கா சொன்னாங்க?"

"தம்பி."

"பாவா சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் விளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொல்வாரு. எழுத வராம இருக்கும்" என்றார். இப்போதும் உன் அத்தானை விட்டுக்கொடுக்கவில்லை, பார்.

கிருத்திகைக்குக் கனகம்மாசத்திரத்துக் காவடிக்காரர்கள் வந்து நம் வீட்டில் தங்கினார்கள். சர்வர் பேகம் எங்களுக்குத் தன் உள்ளறையை விட்டுக்கொடுத்தாள். "ஆடியில வூடு மாறக் கூடாதுன்னு சட்டம் பேசுவீங்களே?" என்று கேலி செய்தாள். மாறவில்லையடி, ஒதுங்குகிறேன் என்றேன். காவடிக்காரர்களுக்கு நான்தான் சமைத்தேன். கூலி கொடுத்தார்கள். மலையில் பறை ஓயவே இல்லை. சமைத்து முடித்த இடத்திலேயே படுத்துத் தூங்கிவிடுவேன். யோசிக்க நேரமில்லாமல் இருந்தது நல்லதுதான்.

அரக்கோணத்துக் கிழவர் வந்திருந்தார். தஸ்தகீர்தான் போய் அழைத்துவந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. மெல்லச் சொன்னால் கேட்கவில்லை. கத்தினேன். "உங்க பிள்ளை திருடன் இல்லை, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்!" தெரு முழுக்கக் கேட்டது. முன்பு நான் திட்டியதைக் கேட்ட அதே தெரு. சரியாகத்தான் போயிற்று. "ஆங், ஆங், உடும்மா" என்று கிழவர் என் தலையில் கை வைத்தார்.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன். உனக்கு மே மாதமே தெரியும். நான் தஸ்தகீரை வாசலில் நிறுத்திப் பேசியது ஜூலையில்.

கூலிப் பணத்தைப் புது அட்வான்ஸ் என்று தஸ்தகீரிடம் கொடுத்தேன். வேண்டாம் என்றார். கட்டாயப்படுத்தி வாங்க வைத்தேன். குறைந்ததுதான். மீதியைச் சிறுகச் சிறுகத் தருகிறேன் என்றிருக்கிறேன். வீட்டு வாடகை இனி என் பெயரில். பட்டணத்துக்கு நான் வரவில்லை.

இத்துடன் உன் அத்தானுக்கு ஒரு கடிதம். உறையை ஒட்டவில்லை. நீயும் படித்துவிட்டே கொடு. இனி நம்மில் யாரும் மற்றவருக்குத் தெரியாமல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டாம்.

வள்ளியம்மாள்


திருத்தணி
2-8-1943

உங்களுக்கு வள்ளி நமஸ்காரம். இங்கே சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பாலு எழுதியதிலிருந்து அதுதான் நினைப்பாக இருக்கிறது.

வேலை போனதை எழுதியிருக்கலாம். ஊரில் பாதிப்பேருக்கு இல்லை. பணத்தை எடுத்துக்கொண்டதும் தப்பில்லை, பசிக்குத்தானே. அரக்கோணத்துக்கு அனுப்பியதைக்கூட ஒரு நாள் சிரித்துக்கொண்டு பேசுவோம் என்று நினைக்கிறேன். கடைக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரு சந்துதான் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

நீங்கள் வந்துபோன அன்று சந்திரா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து ஓடிவந்தாள். "அம்மா, அப்பா பஜார்ல போறாரு" என்றாள். அப்பா மாதிரி யாரோ என்றேன். "சட்டைகூட அப்பா சட்டை" என்றாள். அந்தச் சட்டை எத்தனையோ பேரிடம் இருக்கும் என்றேன். சரி என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா எப்போது வருவார் என்று அவள் கேட்பதில்லை. பெரியவளாகிறாள் என்று நினைத்தேன்.

நேற்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீ பார்த்தது அப்பாவைத்தான் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "நான் கூப்பிட்டேன். அப்பா வேகமா நடந்துட்டாரு."

அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பணம் கொண்டுவர வேண்டாம், வேலை கிடைத்த பிறகு என்று காத்திருக்கவும் வேண்டாம். வந்து அவளிடம் நீங்கள் சொல்லுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

வள்ளியம்மாள்